பழைய கிராபிக்ஸ் கார்டின் எண்கள்: எதை நம்பலாம், எதைக் கழித்துப் பார்க்க வேண்டும்

2006 நவம்பரில் வெளிவந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டின் கணக்குத் திறன் 345.6 ஜிகாஃப்ளாப்ஸ் (ஒரு ஜிகாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடி கணக்கு) என்று அட்டவணைகளில் இருக்கும். 2014-இல் வந்த ஜிடி 730 கார்டின் 384 கோர் வகைக்கு அதே கட்டத்தில் 692.7. எட்டு ஆண்டு இடைவெளி, இரண்டு மடங்கு எண். புதியதை எடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டு வரி கீழே போய் மெமரி பேண்ட்வித்தை, அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு எவ்வளவு தரவு போய்வரும் என்பதைப் பார்த்தால் கதை மாறுகிறது. 8800 ஜிடிஎக்ஸுக்கு நொடிக்கு 86.4 ஜிபி, டிடிஆர்3 மெமரி வைத்த ஜிடி 730-க்கு 14.4 ஜிபி. சரியாக ஆறில் ஒரு பங்கு. பிக்சலை மெமரியில் எழுதும் ஆர்ஓபி அலகுகள் பழையதில் 24, புதியதில் 8. 2007, 2008 காலத்து விளையாட்டை ஆன்டி-அலையாஸிங்கோடு (ஓரங்களின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுக்கும் வசதி) ஓட்டினால் பழைய கார்டு முந்தும். டைரக்ட்எக்ஸ் 11 (விண்டோஸில் விளையாட்டு கார்டோடு பேசும் இடைமுகம்) கட்டாயம் என்று சொல்லும் விளையாட்டை எடுத்தால் பழையது தொடங்கவே தொடங்காது.

ஒப்பீட்டுத் தளங்களில் ‘தியரிட்டிக்கல் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற தலைப்பில் வரும் எண்களை யாரும் அளந்து பார்க்கவில்லை. அலகுகளின் எண்ணிக்கையை க்ளாக் வேகத்தால் பெருக்கி வைத்திருக்கிறார்கள். எல்லா அலகும் ஒவ்வொரு க்ளாக்கிலும் வேலை செய்தால் கிடைக்கும் உச்சம் அது. எந்த விளையாட்டிலும் அந்த நிலை வருவதில்லை. அதற்காக அந்த எண்கள் பயனற்றவை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. எங்கே எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிந்தால், ஒரு கார்டு எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட முடியும்.

நான்கு பெருக்கல்கள்

முதலாவது கணக்குத் திறன். ஷேடர் கோர்களின் (நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு அலகுகள்) எண்ணிக்கை, பெருக்கல் 2, பெருக்கல் ஷேடர் க்ளாக். நடுவில் வரும் 2 எதற்கென்றால், ஒரு கோர் ஒரே க்ளாக்கில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும்; அதை இரண்டு வேலையாக எண்ணுகிறார்கள். 8800 ஜிடிஎக்ஸில் 128 கோர், 1350 மெகாஹெர்ட்ஸ். 128 × 2 × 1.35 = 345.6.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 2006 முதல் ஜிடிஎக்ஸ் 580 வரையிலான என்விடியா கார்டுகளில் ஷேடர்கள் தனி க்ளாக்கில் ஓடும். மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். ஜிடிஎக்ஸ் 580-இன் கோர் க்ளாக் 772, ஷேடர் க்ளாக் 1544. கோர் க்ளாக்கை எடுத்துப் பெருக்கினால் 790 ஜிகாஃப்ளாப்ஸ் வரும். சரியான விடை 1581. ஏஎம்டி கார்டுகளில் இந்தப் பிரிவு இல்லை, ஒரே க்ளாக்தான். இன்னொன்று, 2008-இல் வந்த ஜிடிஎக்ஸ் 280-க்குச் சில இடங்களில் 933 என்றும் சில இடங்களில் 622 என்றும் போட்டிருப்பார்கள். கூடுதலாக ஒரு பெருக்கலும் அதே க்ளாக்கில் நடக்கும் என்று கணக்கில் 2-க்குப் பதில் 3 போட்டால் 933. அந்தக் கூடுதல் பெருக்கல் விளையாட்டுகளில் அபூர்வமாகவே கைகொடுத்தது. ஒப்பிட 622-ஐ எடுத்துக்கொள்வதே நியாயம்.

டெக்ஸ்ச்சர் (பொருள்களின் பரப்பில் ஒட்டும் படம்) வேகத்துக்கு, அதைப் படித்துத் தரும் டிஎம்யு அலகுகளின் எண்ணிக்கையைக் கோர் க்ளாக்கால் பெருக்க வேண்டும். பிக்சல் வேகத்துக்கு ஆர்ஓபி எண்ணிக்கையை. இவை இரண்டும் எளிது; க்ளாக்கை ஜிகாஹெர்ட்ஸில் போட்டால் விடை நொடிக்கு எத்தனை நூறு கோடி என்று வரும்.

நான்காவது மெமரி பேண்ட்வித். பஸ் அகலத்தை (சிப்பையும் மெமரியையும் இணைக்கும் பாதை எத்தனை பிட் என்பதை) 8-ஆல் வகுத்து பைட்டாக மாற்றி, மெமரியின் செயல் வேகத்தால் பெருக்க வேண்டும். செயல் வேகம் எது என்பதில்தான் குழப்பம். டிடிஆர்3, ஜிடிடிஆர்3 என்றால் உண்மையான க்ளாக்கின் இரண்டு மடங்கு. ஜிடிடிஆர்5 என்றால் நான்கு மடங்கு. ஏஎம்டியின் ரேடியான் எச்டி 4870-ஐ, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்தால் மெமரி க்ளாக் 900 என்று காட்டும். அது ஜிடிடிஆர்5 என்பதால் 3600. 256 பிட் என்றால் 32 பைட். 32 × 3.6 = 115.2 ஜிபி. இரண்டால் பெருக்கினால் பாதிதான் வரும், நல்ல கார்டை மட்டமாக எடைபோட்டுவிடுவோம்.

ஒரே சிப், இரண்டு மெமரி

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள எச்டி 4850, எச்டி 4870 ஜோடியைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டும் 2008 ஜூனில் வந்தவை, இரண்டிலும் ஒரே ஆர்வி770 சிப்: 800 ஷேடர், 40 டிஎம்யு, 16 ஆர்ஓபி. க்ளாக் மட்டும் 625-க்கு 750. இருபது சதவீத வித்தியாசம். கணக்குத் திறன் 1000-க்கு 1200. இந்த வரிகளை மட்டும் பார்த்தால் 4870 இருபது சதவீதம்தான் வேகமாக இருக்க வேண்டும். ஆன்டி-அலையாஸிங் போட்டு, ரெசல்யூஷனை உயர்த்தியபோது இடைவெளி அதைத் தாண்டிப் போனது.

ஏன் என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். 4850-இன் 16 ஆர்ஓபி 625 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 1000 கோடி பிக்சல் எழுதும். ஒரு பிக்சலின் நிறத்துக்கு 4 பைட். புகை, கண்ணாடி, நெருப்பு போன்ற ஒளி ஊடுருவும் பொருள் என்றால் முதலில் இருக்கும் நிறத்தைப் படித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டும். அப்போது 8 பைட். ஆக ஆர்ஓபிக்கள் முழு வேகத்தில் ஓட நொடிக்கு 80 ஜிபி தேவை. 4850-இல் இருக்கும் ஜிடிடிஆர்3 தருவது 63.6. திரை முழுக்கப் புகை மூடினால் ஆர்ஓபிக்கள் மெமரிக்காகக் காத்து நிற்கும். 4870-க்கு இதே கணக்கில் 96 ஜிபி தேவை, கையில் இருப்பது 115.2. டெக்ஸ்ச்சரைப் படிக்கவும், எது முன்னால் எது பின்னால் என்ற ஆழத் தகவலைச் சரிபார்க்கவும் அதற்கு மேல் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. சிப்புக்குள் இருக்கும் சுருக்கும் வசதிகள் இந்த எண்களைச் சற்றுத் தளர்த்தும். ஆனாலும் நெரிசல் எந்தப் பக்கம் என்பது மாறாது.

இதே முறையில் 8800 ஜிடிஎக்ஸையும் 2007 அக்டோபரில் வந்த 8800 ஜிடியையும் வைத்துப் பார்க்கலாம். கணக்குத் திறன் 345.6-க்கு 336, கிட்டத்தட்ட சமம். டெக்ஸ்ச்சர் கட்டத்தில் ஜிடிதான் பெரியது: 33.6-க்கு எதிராக 18.4. ஆனால் ஜிடிஎக்ஸின் 32 டிஎம்யு ஒவ்வொன்றிலும் வடிகட்டும் பகுதி இரண்டு உண்டு. அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் (சாய்வாகத் தெரியும் பரப்புகளின் டெக்ஸ்ச்சரைத் தெளிவாக்கும் வசதி) போட்டவுடன் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். மிச்சம் இருப்பது பேண்ட்வித் 86.4-க்கு 57.6, ஆர்ஓபி 24-க்கு 16, மெமரி 768 எம்பிக்கு 512. சிறிய மானிட்டரில் விலை குறைந்த ஜிடி பக்கத்திலேயே வரும்; 1920×1200-இல் நான்கு மடங்கு ஆன்டி-அலையாஸிங் போட்டால் பின்தங்கும். எந்தத் திரையில் ஓட்டப் போகிறோம் என்று சொல்லாமல் இந்த இரண்டில் எது மேல் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

குடும்பம் மாறினால் கழிவும் மாறும்

ஒரே சிப் குடும்பத்துக்குள் இந்த எண்கள் ஏறத்தாழ நேர்மையானவை. குடும்பம் மாறும்போதுதான் ஃப்ளாப்ஸ் எண் நம்மை ஏமாற்றும். 2007 மே மாதம் வந்த ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டியின் எண்களைப் பாருங்கள். 475 ஜிகாஃப்ளாப்ஸ், 512 பிட் பஸ், நொடிக்கு சுமார் 106 ஜிபி. இரண்டிலும் 8800 ஜிடிஎக்ஸைவிட அதிகம். களத்தில் தோற்றது. அதில் 320 ஷேடர் என்று சொன்னாலும், அவை ஐந்தைந்தாகக் கட்டிய 64 கட்டுகள். ஒரு கட்டில் உள்ள ஐந்துக்கும் ஒரே நிரலிலிருந்து ஒன்றையொன்று சாராத ஐந்து கணக்குகளை டிரைவர் தேடிக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மீதி இடம் காலி. 2010 டிசம்பரில் அடுத்த வடிவமைப்பை அறிமுகப்படுத்தியபோது, விளையாட்டுகளில் சராசரியாக ஐந்தில் 3.4 இடம்தான் நிரம்புகிறது என்று ஏஎம்டியே சொன்னது. அந்த விகிதத்தில் 475-ஐக் குறைத்தால் 323 வரும். அதோடு 16 டிஎம்யு மட்டுமே இருந்ததால் டெக்ஸ்ச்சர் வேகம் 11.9-இல் நின்றது. ஆன்டி-அலையாஸிங்கின் கடைசிக் கட்டத்தையும் ஷேடர்களின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். 106 ஜிபி பேண்ட்வித் இருந்தும் அதைப் பயன்படுத்த ஆள் இல்லை.

அந்த ஐந்தை நான்காக்கியதன் பலன் எச்டி 6970-இல் தெரிந்தது. 2009-இல் வந்த எச்டி 5870-க்கு 1600 ஷேடர், 2720 ஜிகாஃப்ளாப்ஸ். 6970-க்கு 1536 ஷேடர், 2703 ஜிகாஃப்ளாப்ஸ். தாளில் பின்னடைவு; ஓட்டினால் 6970தான் முன்னால். பேண்ட்வித் 153.6-லிருந்து 176 ஆனதும் உதவியது. ஆனால் அதே கணக்குத் திறனில் காலி இடம் குறைந்தது என்பதே முக்கியக் காரணம்.

என்விடியா பக்கத்திலும் இதே கதை உண்டு, பலர் கவனிப்பதில்லை. 2010-இன் ஜிடிஎக்ஸ் 580-க்கு 1581 ஜிகாஃப்ளாப்ஸ். 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680-க்கு 3090. எண் இரட்டிப்பு. சோதனைகளில் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மட்டுமே. 680-இன் கெப்லர் வடிவமைப்பில் ஒரு தொகுதிக்கு 192 கோர். அவற்றுக்கு வேலை பங்கிடும் ஷெட்யூலர் நான்கு. ஒவ்வொன்றும் 32 கோருக்கு உத்தரவு தரும். 4 × 32 = 128. மீதி 64 கோருக்கு வேலை கிடைக்க வேண்டுமானால், ஒரே நிரலில் ஒன்றையொன்று சாராத இரண்டு உத்தரவுகள் அடுத்தடுத்து வர வேண்டும். எப்போதும் வராது. மோசமான நிலையில் மூன்றில் இரண்டு பங்கு கோர்களே ஓடும்: 3090-இல் 2060. அதை 1581-ஆல் வகுத்தால் 1.3. பேண்ட்வித் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே (192 ஜிபி) என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரட்டிப்பு வராததில் வியப்பில்லை.

அடுத்து வந்த மேக்ஸ்வெல்லில் ஒரு தொகுதிக்கு 128 கோர், நான்கு ஷெட்யூலர் என்று சரியாகப் பொருத்தினார்கள். அதனால்தான் 5040 ஜிகாஃப்ளாப்ஸ் காட்டிய ஜிடிஎக்ஸ் 780 டிஐக்கு வெகு அருகில், 3494 மட்டுமே காட்டிய ஜிடிஎக்ஸ் 970 வந்து நின்றது. கெப்லர் கார்டையும் மேக்ஸ்வெல் கார்டையும் ஒப்பிடும்போது கெப்லரின் எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் தொடங்கினால் தவறு குறையும்.

அட்டவணைக்குள்ளேயே இருக்கும் முரண்

ஜிடிஎக்ஸ் 460-இன் பிக்சல் வேகத்தை ஒரு இடத்தில் 21.6 என்றும் இன்னொரு இடத்தில் 9.45 என்றும் பார்க்கலாம். இரண்டுமே அச்சுப்பிழை இல்லை. 32 ஆர்ஓபியை 675 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 21.6. ஆனால் அந்தச் சிப்பில் (ஜிடிஎக்ஸ் 580-ஐப் போலவே கெப்லருக்கு முந்தைய ஃபெர்மி வடிவமைப்பு) ஒரு ஷேடர் தொகுதி ஒரு க்ளாக்கில் இரண்டு பிக்சலை மட்டுமே வெளியே அனுப்பும், தொகுதிகள் 7, ஆக 14 பிக்சல். 14 × 0.675 = 9.45. வாசல் அகலமாக இருந்தாலும் உள்ளிருந்து வருவோர் குறைவு. ஆன்டி-அலையாஸிங்கில் ஒரு பிக்சலுக்குப் பல மாதிரிகளை எழுதும்போது மிச்ச ஆர்ஓபிகளுக்கு வேலை கிடைக்கும். அதனால் அவை முழு வீண் அல்ல. ஃபெர்மி கார்டுகளை ஒப்பிடும்போது இரண்டு கார்டுகளுக்கும் ஒரே முறையில் கணக்கிட்ட எண்ணை எடுத்தால் போதும். ஒன்றுக்கு ஆர்ஓபி முறை, மற்றதற்குத் தொகுதி முறை என்று கலந்தால் முடிவு தலைகீழாகும்.

ஜிடிஎக்ஸ் 970-க்கு 2014 செப்டம்பரில் கொடுத்த விவரத்தில் 64 ஆர்ஓபி, 4 ஜிபி என்று இருந்தது. உண்மையில் 56 ஆர்ஓபி, மெமரி 3.5 ஜிபி வேகமானதாகவும் 0.5 ஜிபி மெதுவானதாகவும் பிரிந்து கிடக்கிறது என்பது 2015 ஜனவரியில் வெளியே வந்தது. நொடிக்கு 224 ஜிபி என்ற மொத்த எண்ணில் 196 முதல் பகுதிக்கு, 28 இரண்டாவதற்கு. இன்று இந்தக் கார்டை வாங்குவோர் 3.5 ஜிபி கார்டு என்று நினைத்தே வாங்க வேண்டும்.

ஒரே பெயர், மூன்று கார்டு

திரும்ப ஜிடி 730-க்கு வருவோம். இந்தப் பெயரில் என்விடியா மூன்று வகைகளை வெளியிட்டது. முதல் வகையில் பழைய ஃபெர்மி சிப், 96 கோர், 128 பிட் டிடிஆர்3, 28.8 ஜிபி. இரண்டாவதில் கெப்லர், 384 கோர், 64 பிட் டிடிஆர்3, 14.4 ஜிபி. மூன்றாவதில் அதே கெப்லர், 64 பிட் ஜிடிடிஆர்5, 40 ஜிபி. கோர் நான்கு மடங்கு உள்ள இரண்டாவது வகைக்கு, முதல் வகையின் பேண்ட்வித்தில் பாதிதான். வாங்கத் தகுந்தது மூன்றாவது மட்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதோ 2 ஜிபி, 4 ஜிபி என்ற மெமரி அளவு.

அந்த 4 ஜிபிக்கு என்ன மதிப்பு? நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமுக்குள் தொடக்கூடிய மெமரி 14.4-ஐ 60-ஆல் வகுத்தது, 240 எம்பி. நான்கு ஜிபியையும் ஒரே ஒரு முறை படித்து முடிக்கவே 0.28 நொடி ஆகும். அதாவது நொடிக்கு நான்கு ஃப்ரேம்கூட வராது. ஜிடிடிஆர்5 வகைக்கு இதே வகுத்தலில் ஃப்ரேமுக்கு 667 எம்பி. பழைய 8800 ஜிடிஎக்ஸுக்கு 1.44 ஜிபி. மெதுவான மெமரியை எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாலும் விளையாட்டு ஓடாது. அதற்காக அதிகப் பணம் கேட்டால் கொடுக்கவே கூடாது. 2017-இன் ஜிடி 1030-இலும் இதே பிரச்சினை உண்டு: ஜிடிடிஆர்5 வகைக்கு 48 ஜிபி, மறு ஆண்டு அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகைக்கு 16.8.

கார்டு கையில் இருந்தால் ஜிபியு-இசட்டில் நான்கு கட்டங்களைப் பாருங்கள்: சிப் பெயர், ஷேடர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ் அகலம். ஜிடி 730-இல் ஜிஎஃப்108 என்று இருந்தால் ஃபெர்மி, ஜிகே208 என்றால் கெப்லர். கணினியில் செருகிப் பார்க்க வழியில்லையென்றால், மெமரி சில்லின் மேல் அச்சிட்ட எண்ணைக் கைபேசியில் படமெடுத்து இணையத்தில் தேடினால் அது டிடிஆர்3-ஆ ஜிடிடிஆர்5-ஆ என்று தெரிந்துவிடும். பயாஸை (கார்டின் அடையாளத்தைச் சொல்லும் உள் நிரல்) மாற்றி எழுதி, ஃபெர்மி காலத்துச் சிப்பை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பவர்களும் உண்டு. 2018 முதல் ஜிபியு-இசட் அத்தகைய பல கார்டுகளின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று போட்டுக் காட்டுகிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அது பயாஸ் சொல்லும் அடையாளத்தை அப்படியே திருப்பிச் சொல்கிறது.

பெருக்கலுக்குள் வராதவை

டிரைவர் ஆதரவு முடிந்த கார்டுக்கு எந்த எண்ணும் உதவாது. என்விடியாவில் 8800 முதல் ஜிடிஎக்ஸ் 200 வரிசை வரை 340 வரிசை டிரைவரோடும், ஃபெர்மி 391 வரிசையோடும், கெப்லர் 470 வரிசையோடும் நின்றன. வல்கன் (டைரக்ட்எக்ஸ் போன்ற இன்னொரு இடைமுகம்) வேண்டுமென்றால் ஃபெர்மியும் அதற்கு முந்தையவையும் கிடையாது, கெப்லரிலிருந்துதான். ஏஎம்டியில் எச்டி 7000 வரிசையின் ஜிசிஎன் வடிவமைப்புக் கார்டுகளிலிருந்து. லினக்ஸில் ஏஎம்டியின் பழைய கார்டுகளுக்குத் திறந்த மூல டிரைவர் இன்னும் வேலை செய்கிறது என்பது பெரிய ஆறுதல்.

காலம் போகப் போகத் தாளின் எண்கள் உண்மையை நெருங்குவதும் உண்டு. 2012-இல் எச்டி 7970-ஐ ஜிடிஎக்ஸ் 680 சற்று முந்தியது. 7970-இன் எண்களோ 3789 ஜிகாஃப்ளாப்ஸ், 264 ஜிபி பேண்ட்வித், 3 ஜிபி மெமரி. 680-க்கு 3090, 192, 2. பின்னாளில் விளையாட்டுகள் பெரிய டெக்ஸ்ச்சரும் அதிக ஷேடர் கணக்கும் கேட்கத் தொடங்கியதும் 7970 முன்னே போனது. இன்று இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 7970தான். அல்லது அதே சிப்பை வேறு பெயரில் கொடுத்த ஆர்9 280எக்ஸ்.

கடைசியாக க்ளாக். 2012-க்கு முந்தைய பெரும்பாலான கார்டுகளில் அது நிலையானது. அட்டவணையில் உள்ளதை அப்படியே பெருக்கலாம். ஜிடிஎக்ஸ் 680-லிருந்து வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்த்து க்ளாக் தானே ஏறி இறங்கும். பத்தாண்டு ஓடிய கார்டில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஹீட்சிங்க் துடுப்புகளுக்கிடையே தூசி அடைத்திருந்தால், அட்டவணையில் உள்ள பூஸ்ட் க்ளாக் வராது. கனமான விளையாட்டையோ சோதனை மென்பொருளையோ 15 நிமிடம் ஓட்டி, ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் க்ளாக் எந்த எண்ணில் நிலைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணை எண்ணுக்குப் பதில் அதை மேலே சொன்ன பெருக்கல்களில் போடுங்கள். வருவது உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் கார்டின் எண். பேஸ்ட்டை மாற்றி, தூசியைத் துடைத்துவிட்டு அதே 15 நிமிடத்தை மறுபடி ஓட்டினால், துடைத்ததால் எத்தனை மெகாஹெர்ட்ஸ் திரும்பி வந்தது என்பதும் தெரியும்.